மடியில் மீன், டேங்கில் ஓட்டை

எனக்கு எப்போதும் எங்கேயோ ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும். மீன்தொட்டி கட்டுகிறவனுக்கு வருகிற வியாதி அது. ஒருவர் வீட்டு ஹாலில் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, விளக்குப் போட்டு, வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகச் சிரித்து, நான் என் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போதுதான் அது ஆரம்பிக்கும். கீழ்மூலையில் சிலிக்கான் பசை சரியாகப் பிடித்திருக்குமா? இந்நேரம் சோபாவுக்கு அடியில் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்குமா? இடது கையால் போன் போட்டுக் கேட்பேன். "சார், தரை காய்ஞ்சிதானே கீது?" அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை சோறு இறங்காது.

ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்து, கண்ணாடி வெட்டுவதிலிருந்து தொட்டி ஒட்டுவதற்கும், தொட்டியிலிருந்து மீனுக்கும் வந்தேன். இப்போது அஸ்தினாபுரத்தில் சின்னதாக ஒரு மீன் கடை. நானும் என் மனைவியும்தான் முதலாளி, வேலையாள் எல்லாம். தண்ணீரையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே நாள் போய்விடும். சில நேரம் வெளியே தெருவில் போகிறவர்களும் மிதந்து போவதுபோலத் தெரிவார்கள்.

இது ஓர் ஆவணி மாத மதியத்தைப் பற்றியது.

சேலையூரில், கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு. அங்கே இருந்த அக்கா எங்கள் பழைய வாடிக்கைக்காரர். அவருடைய வீட்டுக்காரர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் பாதிப் பேச்சும் போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் நாள் முழுக்க ஒரே ஒரு மீனோடுதான் இருந்தார். ஆஸ்கர் மீன். ஆளின் உள்ளங்கையை விடப் பெரியது. கறுப்பு உடம்பில் நெருப்புப் பொறி தெறித்ததுபோல ஆரஞ்சுப் புள்ளிகள். அவர் நல்ல கை விரலைக் கண்ணாடியில் வைத்து மெதுவாக நகர்த்துவார். மீன் அந்த விரலுக்குப் பின்னாலேயே போகும். கண்ணாடி ஓரம்வரை போய்த் திரும்பும். வேலைக்குப் போன நாட்களில் அவர் கொடி காட்டினால் ரயில் கிளம்பும். இப்போது விரல் காட்டினால் மீன் கிளம்புகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வீட்டை இடித்து பிளாட் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கேளம்பாக்கத்தில் மகன் வாங்கியிருந்த பிளாட்டுக்குப் போனார்கள். மீனை உடனே கொண்டுபோக முடியவில்லை. அங்கே புதுத்தொட்டி. புதுத்தண்ணீரில் இத்தனை பெரிய மீனை விட்டால் தாங்காது. பழைய தொட்டியின் பில்டர் பஞ்சையும் கல்லையும் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் கொஞ்ச நாள் பழக வேண்டும். அதுவரை மீன் சேலையூரின் காலி வீட்டில் தனியாக இருந்தது. நான் தினமும் போய்த் தீனி போட்டுவிட்டு வருவேன். சாமான் எல்லாம் போன அந்த ஹாலில் என் செருப்புச் சத்தம்கூட எனக்குத் திரும்பி வரும். மீன் கண்ணாடிக்கு அருகே வந்து என் விரலைப் பார்க்கும். நான் விரலை நகர்த்தினால் அசையாது. ஆள் மாறிவிட்டது அதற்குத் தெரியும்.

அன்று காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, இன்னைக்கு எப்படியாவது கொண்டாந்துடுப்பா. சாயங்காலம் பில்டர் ஆளுங்க அங்க கரண்ட்டைப் பிடுங்கிடுவாங்களாம். இவரு இங்க காலித் தொட்டி முன்னாடி உக்காந்து வெறும் தண்ணியவே பார்த்துக்கிட்டு இருக்காரு. ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட மாட்டேங்கறாரு. வாயைத் திற, திறன்னு நான் தொண்டை வத்திப் போயிட்டேன்."

"கொண்டாந்துடறேன் அக்கா."

"இன்னொண்ணு. வழியில ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அதேமாதிரி வேற மீனைப் பிடிச்சு விட்டுடாதே. அவரு கண்டுபிடிச்சிடுவாரு."

எங்கள் தொழிலில் அப்படி ஒன்று நடக்கும். தங்கமீன் செத்தால் அதே அளவில் இன்னொரு தங்கமீன். வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் ஆஸ்கரின் புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல இன்னொன்றுக்கு இருக்காது. நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான், செய்யவும் முடியாதே என்று உறைத்தது.

மதியம் மீனைப் பிடித்தோம். பெரிய பிளாஸ்டிக் பை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. துடுப்பு முள் குத்திக் கிழிக்காமல் இருக்க நடுவில் பேப்பர். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி முழுக்க சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன். பையின் வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கினால் கல்போல நிற்கும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிற வேலை இது ஒன்றுதான். மேலே ஈரத் துண்டு சுற்றினேன். என் மனைவி வண்டியின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய மீனுக்கு அந்தக் காற்று சில மணி நேரம்தான் வரும். வெயிலில் அதுவும் குறையும். சேலையூரிலிருந்து கேளம்பாக்கம் போக அது தாராளம். வழியில் எதுவும் நடக்காவிட்டால்.

"எதுவும் நடக்காது, கிளம்புங்க" என்றாள், நான் வாயே திறக்காதபோது.

கேம்ப் ரோட்டைத் தாண்டி அகரம்தென் போய், மாம்பாக்கம் பக்கமாகப் பிடிக்கிற வழியில் போனோம். பஸ்ஸும் ஹாரனும் குறைந்து, ரோடு தன்பாட்டுக்குப் போகிற இடம் ஒன்று வரும். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் மனை பிரித்து நட்ட கற்கள், அவற்றுக்கு நடுவே மேய்கிற மாடுகள், தூரத்தில் பாதி கட்டி நிற்கிற உயரக் கட்டடங்கள். வெயில் அந்தக் கட்டடங்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஏரித் தண்ணீர் எது, ரோட்டின் மேல் மினுங்குகிற கானல் எது என்று பிரிக்க முடியவில்லை. நாங்களும் ஒரு பெரிய பைக்குள் போய்க்கொண்டிருக்கிறோம், யாரோ மேலே முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் பெட்ரோல் வாசனை வந்தது.

"பெட்ரோல் வாசனை வருதா?"

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது வாசனை வந்துகினேதான் இருக்கும். வர்றப்போ கேஸ் வாசனைன்னீங்க. அதுக்கு முன்னாடி வயர் கருகுற வாசனைன்னீங்க."

"இல்ல, நெஜமா."

"நெஜமாத்தான் அதையும் சொன்னீங்க."

நூறு தடவை பொய்யாகப் பயந்தவன் ஒரு தடவை சரியாகப் பயந்தால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினேன். வாசனை இனிப்பாக, தலைக்குள் லேசாகச் சுற்றியது. பிறகு என் இடது முழங்கால் சில்லென்று ஆனது. வேகாத வெயிலில் சில்லென்று ஆனால் அது தண்ணீராக இருக்கலாம், பெட்ரோலாகவும் இருக்கலாம். குனிந்து பார்த்தேன். பேண்ட் நனைந்திருந்தது. டேங்கின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, இஞ்சின் பக்கம் போய் ஆவியாகிக்கொண்டிருந்தது.

வண்டி என்னைப் போல வயசான வண்டி. இத்தனை வருஷமாக மீன் பைகளும் தொட்டித் தண்ணீரும் உப்பு மூட்டையும் அதன் மேல்தான் போயிருக்கின்றன. மேலே துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன். அடியில் துரு தன் வேலையைப் பார்த்திருக்கிறது. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு சேருகிற கழுத்து இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. திருகை மூடினாலும் பயனில்லை. ஓட்டை அதற்கு மேலே.

ஒரு வேப்பமரத்தடியில் டீக்கடை ஒன்று இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தப் போனேன். அடுப்பு எரிவதைப் பார்த்ததும் பயந்து, தள்ளிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போனேன்.

"இன்னா அண்ணாத்த, கடையப் பார்த்து இப்படிப் பின்னாடியே போறே? டீ அவ்ளோ மோசமா?" என்றார் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர். தண்ணீர் கேன் போடுகிறவர். ரோட்டோரம் அவருடைய லோடு ஆட்டோ நிறைய நீலக் கேன்கள். வாயில் பீடி.

"அண்ணா, பீடி, பீடி! பெட்ரோல் ஒழுவுது!"

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, அந்த வேகத்திலேயே எழுந்து வந்தார். டீக்கடைக்கார அக்காவும் அடுப்பைத் தணித்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். என் மனைவி மீன் பையோடு மரத்தடி நிழலில் போய் நின்றாள்.

"அது இன்னா கையில? கொயந்தையா?" என்றார் டீக்கடை அக்கா.

"மீன் அக்கா."

"மீனா? துண்டு சுத்தி, நெஞ்சோட அணைச்சிக்கினு நிக்கிறியே தாயி. நான் பச்சைக் கொயந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறீங்கன்னு நெனச்சேன்."

அக்கா தன்னுடைய பெரிய தண்ணீர் டிரம்மின் நிழலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பையை அங்கே வைத்து, துண்டை மறுபடி நனைத்துச் சுற்றினாள் என் மனைவி.

"மூச்சு விடுதா?" என்றேன்.

"விடுது."

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. வண்டியின் பக்கப் பெட்டியில் சிலிக்கான் டியூப் எப்போதும் இருக்கும். சாப்பாட்டுக்கு டப்பா மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். ஆள் உயரத் தண்ணீரைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கிற பசை அது. இந்த ஊசி ஓட்டை அதற்கு எம்மாத்திரம்? ஓட்டையைத் துணியால் துடைத்துவிட்டு, டியூபைப் பிதுக்கி, விரலால் அழகாக வழித்துவிட்டேன். புளித்த காடியின் வாசனை வந்தது. எனக்கு அது நிம்மதியின் வாசனை.

"சோக்கா பூசறாரே. கேக்குக்கு க்ரீம் வைக்கிற மாரி" என்றார் கேன்காரர்.

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தப் பசைக்குக் கீழே ஏதோ நெளிந்தது. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நான் இன்னும் பசையை வைத்தேன். அது பிடிக்கவே இல்லை. பெட்ரோலின் மேல் வழுக்கி, பாலாடைபோல மொத்தமாகக் கழன்று என் கைக்குள் வந்துவிட்டது. மறுபடி துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடி வந்தது. அந்தக் கொழகொழத்த வெள்ளைக் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். இத்தனை வீடுகளின் தரையை நம்பி ஒப்படைத்த பசை இது. இதுவும் ஒரு நாள் இப்படிக் கழன்று வரும் என்றால்? என் கண்ணுக்குள் தாம்பரம் முழுக்க ஹால்களில் தண்ணீர் ஓடியது. சோபாக்கள் மிதந்தன.

"தலைவா, இது தொட்டி இல்ல, டேங்கு" என்றார் கேன்காரர். "தண்ணிக்குன்னு வெச்சத பெட்ரோல் துன்னுடும். இதுக்கு சோப்புதான். துணி தோய்க்கிற கட்டி சோப்பு. எங்க ஆட்டோவுக்கு நான் அதான் வெச்சி ஓட்டினேன். அப்பால பட்டறையில ஈயம் வெச்சுக்கலாம்."

"சோப்பா? கரைஞ்சிடாதா?"

"பெட்ரோல்ல சோப்பு கரையாது. நீ குளிச்சதில்லையா பெட்ரோல்ல?"

டீக்கடை அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் மஞ்சள் சோப்புக்கட்டி ஒன்றை எடுத்து வந்தார். பாத்திரத்துக்குப் போடுகிறதை எடுக்காமல், பிரிக்காத ஒன்றை எடுத்து வந்தார். "ஈரம் படக்கூடாதாம். இவரு தெனம் இந்த சோப்புக் கதையையே சொல்லிக்கினு இருப்பாரு. ஒரு வாட்டியாச்சும் உருப்படியா யாருக்காவது உதவட்டும்."

கேன்காரர் எனக்குக் காட்டினார். வண்டியை வலது பக்கம் சாய்த்துப் பிடித்தோம். சொட்டு மெதுவானது. சோப்பின் மூலையை ஓட்டைக்கு மேல் வைத்து, சுண்ணாம்பு தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோலும் சோப்பும் சேர்ந்து மெழுகுபோல ஒரு களிம்பு ஆனது. அதைக் கட்டைவிரலால் ஓட்டைக்குள் திணித்து, மேலே இன்னும் கொஞ்சம் சீவி வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரலை எடுக்கப் பயம்.

"எடு, பார்க்கலாம்."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

"விரலோடவே கேளம்பாக்கம் போகப் போறியா?"

எடுத்தேன். ஒழுகவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தோம். டேங்கின் அடியில் மஞ்சளாக ஒரு மச்சம்போல சோப்பு உட்கார்ந்திருந்தது. கீழே மண்ணில் சொட்டி ஓடியிருந்த பெட்ரோல், டீக்கடை கழுவிய தண்ணீரோடு கலந்து குழியில் தேங்கி, நீலமும் ஊதாவும் பச்சையுமாக விரிந்துகொண்டே போனது. மீன்கள் வெளிச்சத்தில் திரும்பும்போது அவற்றின் பக்கவாட்டில் ஒரு நிறம் வந்து போகும். அதற்குப் பெயர் கிடையாது. அது அங்கே தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. பெட்ரோல் வாசனை மண்டைக்குள் போயிருந்ததாலும் இருக்கலாம்.

"ஏங்க" என்றாள் என் மனைவி. அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

பையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பு சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வெதுவெதுப்பு. துண்டு அதற்குள் காய்ந்திருந்தது.

"போலாம், போலாம்" என்றேன். அப்போது டீக்கடை அக்கா ஏரிப் பக்கம் கை காட்டினார்.

மழை வந்துகொண்டிருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெள்ளையாக ஒரு திரை, சத்தமே இல்லாமல், தண்ணீர் மேல் நடந்து வந்தது. எங்கள் பக்கம் இன்னும் வெயில். மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அத்தனை அழகாக எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

சோப்பு. மழை பட்டால் சோப்பு கரையும். பெட்ரோலுக்குத் தாங்குகிறது தண்ணீருக்குத் தாங்காது. தண்ணீருக்குத் தாங்குகிறது பெட்ரோலுக்குத் தாங்காது. இதை நான் வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது.

"அப்போ மழை விட்டதும் போங்க" என்றார் கேன்காரர்.

"அதுவரைக்கும் மீன் தாங்காதுண்ணா."

மீன் யாருக்கு, அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், ஏன் சாப்பிடவில்லை என்பதையெல்லாம் என் மனைவி இரண்டு வரியில் சொன்னாள். கேன்காரர் தன் லோடு ஆட்டோவைப் பார்த்தார். "நான் கொண்டாந்து வுட்டுடுவேன். ஆனா எதிர்ப்பக்கம் தண்ணிக்கு ஒரு கல்யாண மண்டபமே காத்துக்கினு கீது. பேஜாராப் பூடும்." என் மனைவி போனில் ஆட்டோவுக்குத் தேடினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை என்றது.

அவள் போனை வைத்துவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டாள்: "மீனுக்குக் கட்டற மாதிரி அதுக்கும் ஒரு பை கட்டுங்களேன்."

நான் அவளைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து புதுப்பை ஒன்றை எடுத்துக் கிழித்தேன். திருகின் கழுத்தில், சோப்புக்கு மேலே, பிளாஸ்டிக்கைச் சுற்றினேன். முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டை மேலும் மேலுமாகச் சுற்றினேன். அந்த முறுக்கு தானாக வந்தது. மேல் விளிம்பில், டேங்கோடு பிளாஸ்டிக் சேருகிற இடத்தில், சுற்றிலும் சிலிக்கானைப் பூசினேன். அங்கே பெட்ரோல் இல்லை, காய்ந்த இரும்புதான். அங்கே அது பிடித்தது. உள்ளே பெட்ரோலுக்கு சோப்பு, வெளியே மழைக்குப் பிளாஸ்டிக்கும் பசையும்.

"உள்ள மீன் எங்க அண்ணாத்த?" என்றார் கேன்காரர்.

அவர் ஒரு கேனை இறக்கி, அதிலிருந்த குளிர்ந்த தண்ணீரைத் துண்டின் மேல் தாராளமாக ஊற்றினார். அக்கா பழைய கோணி ஒன்றை நனைத்து மேலே போர்த்தினார். முதல் துளி விழுந்தபோது நாங்கள் கிளம்பியிருந்தோம்.

அந்தப் பயணத்தை நான் இப்போதும் சில நேரம் மறுபடி போகிறேன். வெயிலும் மழையும் ஒன்றாக இருந்தன. ரோடு பழுப்பு நிறத்தில் ஓடியது. சோப்பு வாசனை, மண் வாசனை, பெட்ரோல் வாசனை மூன்றும் மாறி மாறி வந்தன. முதுகில் என் மனைவியின் தோள், அதற்கு நடுவே அந்தப் பையின் குளிர்ச்சி. எப்போதாவது மீன் ஒரு தட்டுத் தட்டும். அது என் இடுப்பில் படும். உயிரோடு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி எந்த நேரமும் தீப்பிடிக்கலாம் என்பது ஒரு பக்கம். எந்த நேரமும் நின்றுவிடலாம் என்பது இன்னொரு பக்கம். நடுவில் மீனின் அந்த மெல்லிய தட்டு. அதை நம்பி ஓட்டினேன். மாம்பாக்கம் தாண்டியதும் தட்டு நின்றுவிட்டது.

"மூச்சு விடுதா?"

"ஓட்டுங்க."

விடுது என்று அவள் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

கேளம்பாக்கத்தில் மழை இல்லை. தரை காய்ந்திருந்தது. கட்டட வாசலில் செக்யூரிட்டி, சொட்டச் சொட்ட வந்த எங்களையும் கோணியையும் பார்த்தார்.

"எந்த ஆப்பு டெலிவரி?"

"ஆப்பு இல்ல சார், மீன்."

"மீன்னா, சமைக்கிறதா, வளக்குறதா?"

"வளக்குறது. சீக்கிரம் சார்."

"வளக்குறதுன்னா மெயின் லிப்ட்ல போலாம்" என்றார், விதிப்புத்தகத்தில் இருப்பதுபோல.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தார். எட்டாவது மாடி ஹாலில் சாயங்கால வெளிச்சம் தரை முழுக்கக் கிடந்தது. அவருடைய வீட்டுக்காரர் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டில் தயிர்சாதம் மேலே காய்ந்து வெடித்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோணியை விலக்கினேன். மீன் பையின் அடியில் இருந்தது. செவுள் அசைந்தது. மிக மெதுவாக, நினைத்து நினைத்து. உடனே தொட்டியில் கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. கூடாது. பையைக் கட்டோடு தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த பிறகும் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். அவசரப்பட்டால் இவ்வளவு தூரம் வந்த உயிர் அந்த நிமிஷத்தில் போய்விடும். பையை மிதக்கவிட்டு நின்றேன். என் பேண்ட்டிலிருந்து அவர்கள் புதுத்தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் பையைச் சரித்தேன். மீன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு தடவைகூட நீந்தவில்லை. நேராக அடிக்குப் போய், கல்லின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இடம் மாறினா ஆஸ்கர் இப்படித்தான் படுக்கும் அக்கா. கோபம் அதுக்கு. செத்த மாதிரி கிடக்கும். அப்புறம் எழுந்துக்கும்." சொன்னது உண்மைதான். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. என் மனைவி என் ஈரச்சட்டையின் பின்னால் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்தார். விழப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அக்கா என்னைத் தடுத்தார். தொட்டி வைத்திருந்த மேஜையின் விளிம்பில் அவர் தன் கன்னத்தைச் சாய்த்தார். இப்போது அவர் தலையும் மீனைப் போலவே ஒருபக்கமாகப் படுத்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம். இரண்டும் சாய்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே கேளம்பாக்கத்தின் அத்தனை ஜன்னல்களிலும் வெயில் மஞ்சளாக அடங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரின் காற்றுக்குமிழ் சத்தம் மட்டும்.

"படுத்துக்கினான்" என்றார் அவர். வார்த்தை பாதிதான் வந்தது. ஆனால் எங்களுக்கெல்லாம் புரிந்தது.

நல்ல கையைத் தூக்கி விரலைக் கண்ணாடியில் வைத்தார். மெதுவாக நகர்த்தினார். மீன் எழவில்லை. துடுப்பைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அதன் கண் உருண்டது. ஆரஞ்சு வளையம் போட்ட அந்தக் கண், படுத்த இடத்திலிருந்தே, விரல் போன பக்கம் போனது. விரல் திரும்பியது. கண்ணும் திரும்பியது.

அக்கா ஓசைப்படாமல் உள்ளே போய்ப் புதுச் சோறு பிசைந்து எடுத்து வந்தார். ஒரு கவளம் உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை, கன்னத்தை மேஜையிலிருந்து தூக்கவும் இல்லை. அப்படியே சாய்ந்தபடி வாயைத் திறந்தார்.

படுத்துக்கொண்டு சாப்பிட்டால் புரையேறிவிடுமே என்று எனக்கு இருந்தது. சொல்லவில்லை. அக்கா அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.